குமரி மாவட்டப் பள்ளியில் சமூக அறிவியல்: ஒரு பாசனச் சானலை வைத்து மூன்று பாடம்

கேள்வி இது: வரலாறு படித்துவிட்டுப் பட்டதாரி ஆசிரியராக வந்த ஒருவர், கல்குளம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறார். வரலாறு ஓடிவிடுகிறது. வரைபடம் வந்தால் அவருக்கே தடுமாற்றம். குடிமையியல் பிரியட்டில் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். உள்ளூரை வைத்து நடத்துங்கள் என்று பயிற்சிகளில் சொல்கிறார்களே, அதை எப்படிச் செய்வது, செய்தால் போர்ஷன் முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் பாடத்தின் கடைசியில் திற்பரப்பு அருவியையும் திருவள்ளுவர் சிலையையும் பெயர் சொல்லிச் சேர்ப்பதுதான் உள்ளூர்ப் பாடம் என்று எடுத்துக்கொண்டால் பயனில்லை. பிள்ளை செய்ய வேண்டிய வேலை என்ன என்று பாருங்கள். புவியியலில் அது அளக்க வேண்டும். வரலாற்றில் ஒரு சான்றை இன்னொரு சான்றோடு வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். குடிமையியலில் இந்தக் காரியம் யாருடைய பொறுப்பு என்று தேடிப்போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மூன்று வேலைக்கும் இடம் கொடுக்கிற ஒரே பொருள் குமரியில் வேண்டுமென்றால், ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர் கொண்டுபோகிற சானலை எடுங்கள். அதற்கு முன்னால் சில அடிப்படைப் பயிற்சிகள் உண்டு. உங்கள் தடுமாற்றம் புவியியலில் என்பதால் அங்கிருந்தே வருகிறேன்.

வரைபடத்தை அட்லஸில் தொடங்காமல் வெயிலில் தொடங்குங்கள். தரைக்கு மேலே சரியாக 1 மீட்டர் நிற்கும்படி ஒரு கம்பை நட்டு, தூக்குக் குண்டு பிடித்து நேராக்குங்கள். கம்பு 1 டிகிரி சாய்ந்தாலும் நிழலின் நுனி கிட்டத்தட்ட 2 செ.மீ. தள்ளிப்போகும், இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் இதனால்தான். 11.50 முதல் 12.50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். எது மிகக் குட்டையான நிழலோ அது விழும் கோடுதான் வடக்கு தெற்கு. அந்த நேரம் 12 மணியாக இராது. இந்தியத் திட்ட நேரம் 82°30' கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நாகர்கோவில் ஏறத்தாழ 77°26'-இல் இருக்கிறது. ஐந்து டிகிரி வித்தியாசத்தை டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கினால் 20 நிமிடம். ஆகவே இங்கே உச்சிப்பொழுது சுமார் 12.20. மாதத்தைப் பொறுத்து இது கொஞ்சம் முன்பின் ஆகும்: மார்ச் 21-ஐ ஒட்டி 12.28, செப்டம்பர் 23-ஐ ஒட்டி 12.13. தீர்க்கரேகையும் நேரமும் என்ற பாடத்தைக் கரும்பலகையில் மூன்று பிரியட் விளக்குவதை விட இந்த ஒரு மணி நேரம் மேல்.

நிழலின் நீளத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் அட்சரேகை 8 டிகிரி சொச்சம். 1 மீட்டர் கம்புக்கு டிசம்பர் மூன்றாம் வாரம் உச்சி நிழல் 62 செ.மீ., வடக்கே விழும். மார்ச் 21, செப்டம்பர் 23 நாட்களில் 14 செ.மீ., அதுவும் வடக்கே. ஜூன் 21-இல் 27 செ.மீ., ஆனால் தெற்கே. நடுவில் ஏப்ரல் 11-ஐயும் செப்டம்பர் 1-ஐயும் ஒட்டி இரண்டு நாட்கள் உச்சியில் நிழலே விழாது. உச்சி நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு ஜூன் மாதம் ஒரு அதிர்ச்சி கொடுக்கலாம். கடகரேகைக்குத் தெற்கே இருக்கிற ஊர் என்றால் என்ன என்பதை அதற்குப் பிறகு விளக்க வேண்டியிராது. ஒரே எச்சரிக்கை: நிழலில்லா நாளை ஒட்டி வடக்கு தெற்குக் கோடு போட முயலாதீர்கள், நிழல் மிகக் குட்டையாக இருப்பதால் திசை பிசகும்.

இதே கணக்கோடு இன்னொன்றும் சொல்லிவிடலாம். கன்னியாகுமரியில் சூரியன் கடலுக்குள் மறைவதை வருடம் முழுவதும் பார்க்கலாம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கடற்கரை அங்கிருந்து வடமேற்காக வளைந்து போகிறது. சூரியன் மறையும் இடம் ஜூனில் நேர் மேற்கிலிருந்து 23 டிகிரிக்கு மேல் வடக்கே நகர்ந்துவிடும், ஆகவே அப்போது தரைக்குப் பின்னால்தான் மறையும். கடலில் மறைவதை மழைக்கால முடிவிலிருந்து மாசி வரை பார்க்கலாம். கன்னியாகுமரி இந்தியப் பெருநிலத்தின் தென்முனை, இந்தியாவின் தென்முனை நிக்கோபாரில் இருக்கும் இந்திரா முனை என்பதையும் சேர்த்து எழுதிப்போடுங்கள். சொந்த ஊர் விஷயத்தில் மதிப்பெண் போவது வருத்தம்.

அடுத்தது பள்ளி வளாகத்தின் வரைபடம். மைதானத்தில் 20 மீட்டரை டேப் வைத்துக் குறித்து, ஒவ்வொரு பிள்ளையும் மூன்று தடவை இயல்பாக நடந்து காலடிகளை எண்ணட்டும். சராசரி 32 என்றால் ஒரு காலடி 62.5 செ.மீ. பிறகு வளாகத்தைக் காலடியால் அளந்து, மீட்டராக்கி, 1 செ.மீ.-க்கு 5 மீட்டர் என்ற அளவையில் வரையட்டும். 100 மீட்டர் நீளமுள்ள வளாகம் 20 செ.மீ. ஆகி ஏ4 தாளில் அடங்கும். வரும் தவறுகள் எல்லா வகுப்பிலும் ஒன்றேதான்: காலடியை மீட்டராக்க மறப்பது, பாதி வரைந்தபின் இடம் போதாமல் அளவையைச் சுருக்குவது, கட்டடத்தைக் கதவு சன்னலோடு முன்பக்கப் படமாக வரைவது. மூன்றாவது தவறைத் திட்டாதீர்கள். மாடியில் ஏற்றி மைதானத்தைப் பார்க்கச் சொன்னால் அதுவே சரியாகும். வடக்கு அம்புக்குறியை நிழல் கோட்டிலிருந்து எடுக்க வேண்டும். முடிந்ததும் தாளைச் சுவரில் ஒட்டாமல் தரையில், வடக்கு வடக்கோடு பொருந்தும்படி விரித்துப் பாருங்கள். சுவரில் தொங்கும் வரைபடத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வடக்கு என்றால் மேலே, ஆகாயம் பக்கம்.

சம உயரக்கோடு என்பது ஆசிரியர்கள் அதிகம் தாண்டிப்போகிற இடம். ஒரு சிரட்டையை (கொட்டாங்கச்சியை) கவிழ்த்து பேசினில் வையுங்கள். சும்மா வைத்தால் உள்ளே காற்று நின்று மிதக்கும், களிமண்ணை அடைத்து வைத்தால் அமரும். 1 செ.மீ. தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் இடத்தில் சாக்பீஸால் சுற்றிக் கோடு. மறுபடி 1 செ.மீ., மறுபடி கோடு. தண்ணீரை வடித்துவிட்டு நேர் மேலிருந்து பார்த்தால் விளிம்பில் கோடுகள் நெருக்கம், உச்சியில் அகலம். செங்குத்தான சரிவில் கோடுகள் நெருங்கும் என்பது அத்தோடு முடிந்தது. இதில் ஒரு கோளாறு உண்டு: சிரட்டை உருண்டை என்பதால் எல்லா மலையும் வட்டம் வட்டமாக வரும் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அடுத்த தடவை ஒரு பக்கம் செங்குத்தும் மறுபக்கம் சாய்வுமான கல்லை வைத்துச் செய்யுங்கள். அதற்குப் பிறகு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள். அதில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர், சம உயரக்கோட்டு இடைவெளி 20 மீட்டர். பழைய எண்முறையில் நம் மாவட்டத்தின் பெரும்பகுதி 58 எச் வரிசையில் வரும். பிள்ளைகள் முதலில் தங்கள் ஊரையும் குளத்தையும் தேடட்டும். குறியீட்டு அட்டவணையை மனப்பாடம் செய்யவே தேவையிருக்காது.

மழை. இங்கே பாடநூலுக்கும் பிள்ளையின் அனுபவத்துக்கும் நேராக மோதல் வரும். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம், தென்மேற்கில் மாநிலம் மழைமறைவில் கிடக்கிறது என்று படிக்கும் பிள்ளை, ஜூனில் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறது. இரண்டும் உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குக் காற்றை மறிக்கும் சுவர். குமரியின் மேற்குப் பகுதியோ அந்தச் சுவரின் கடல் பக்கத்தில் இருக்கிறது. அதனால் விளவங்கோடும் கல்குளமும் இரண்டு பருவத்திலும் நனையும்; கிழக்கே அகஸ்தீசுவரம், தோவாளைப் பக்கம் மழை குறையும். மலை தாழ்ந்து இடைவெளி விடுகிற ஆரல்வாய்மொழியில் அந்தக் காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதற்கு அதுதான் காரணம். கணவாயைத் தாண்டினால் நிலம் வறண்டு பனைமரமாகிவிடும். தேர்வில் மாநிலத்தைப் பற்றிக் கேட்டால் பாடநூல் விடையை எழுதிவிட்டு, குமரி இரு பருவத்திலும் மழை பெறும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

மழைமானி செய்ய 2 லிட்டர் பெட் பாட்டில் போதும். கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் செருகுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும், கூழாங்கல்லும் தண்ணீரும் விட்டுச் சமமான இடம் வரை நிரப்பி அங்கே பூஜ்யம் குறியுங்கள். வாயும் உடலும் ஒரே அகலம் என்றால் அளவுகோலில் 1 மி.மீ. உயர்ந்தால் மழை 1 மி.மீ. உடல் ஒடுங்கிய பாட்டில் என்றால் அப்படி வாசிக்கக் கூடாது: வாய் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 ச.செ.மீ., அதில் 78.5 மில்லி தண்ணீர் சேர்ந்தால்தான் 10 மி.மீ. மழை. தென்னைமரத்தடியில் வைத்தால் மட்டையிலிருந்து சொட்டுவதும் சேர்ந்து கணக்கு ஏறும். மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு வாசித்துக் கொட்டிவிட வேண்டும், வானிலைத் துறையின் கணக்கும் 8.30-இலிருந்து 8.30-தான். நாளிதழின் குமரிப் பக்கத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு மழையளவும் அணை மட்டமும் வரும். பேச்சிப்பாறைக்கு முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. பள்ளி அளவையும் பத்திரிகை அளவையும் ஒரே வரைபடத்தாளில் இரு கோடாக வரைந்தால், மலையில் பெய்ததற்கும் ஊரில் பெய்ததற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது சானல். பேச்சிப்பாறை கோதையாற்றில், பெருஞ்சாணி பரளியாற்றில். இந்த அமைப்பிலிருந்துதான் தோவாளை சானல், அனந்தனாறு சானல், பத்மநாபபுரம் புத்தனாறு, பட்டணங்கால் எல்லாம் தண்ணீர் பெறுகின்றன. உங்கள் பள்ளிக்கு அருகில் ஓடுவது எது என்று பிள்ளைகளே கேட்டு வரட்டும். பட்டணங்கால் பரளியாற்றுப் பள்ளத்தைத் தாண்ட மாத்தூர் தொட்டிப்பாலம், ஆற்றிலிருந்து 115 அடி உயரத்தில். ஏன் பாலம்? சானலைப் பள்ளத்தில் இறக்கி மறுபக்கம் ஏற்றினால் ஆகாதா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள். திறந்த வாய்க்காலில் தண்ணீர் மேலேறாது. ஏறாமல் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒரே சம உயரக்கோட்டைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் தலை வரை சுற்றி வர வேண்டும். சிரட்டையில் போட்ட கோட்டுக்கு இங்கேதான் பலன்.

சானல் மிகக் குறைந்த சரிவில் ஓடுகிறது என்பதையும் அளந்து காட்டலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் தண்ணீர் டியூப் 15 மீட்டர் வாங்குங்கள். இரண்டு கம்பில் அளவுகோல் கட்டி, மைதானத்தில் 10 மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, இரு முனையிலும் நீர்மட்டம் எந்த எண்ணில் நிற்கிறது என்று வாசித்தால் இரண்டின் வித்தியாசம்தான் தரையின் இறக்கம். டியூபுக்குள் காற்றுக்குமிழி நின்றால் அளவு பொய்யாகும், ஒரு முனையை உயர்த்திப் பிடித்து மெதுவாக நிரப்ப வேண்டும். வாசிக்கும்போது யாராவது முனையைக் கட்டைவிரலால் அடைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். இதைச் சானல் கரையில் செய்ய வேண்டாம். பள்ளி மைதானமே போதும்.

வரலாற்றுக்கு வருவோம். இது உங்கள் துறை, ஆகவே சிலவற்றை மட்டும். பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் ஆட்சி, பொறியாளர் மிஞ்சின். மாத்தூர்ப் பாலம் 1966. ஒரே நீர்ப்பாசன அமைப்பின் ஒரு பகுதியைச் சமஸ்தானமும் மறு பகுதியைத் தமிழ்நாட்டு அரசும் கட்டியது எப்படி என்று கேட்டால் 1956 தானாக வந்து நிற்கும். திருவிதாங்கூரை ஆங்கிலேயர் நேரடியாக ஆண்டதாகப் பிள்ளைகள் எழுதுவதையும் இந்த இடத்தில் திருத்தலாம். ஆங்கிலேய மேலாதிக்கத்துக்கு உட்பட்ட மன்னராட்சி அது. 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து குமரி மாவட்டம் ஆயின.

காலக்கோட்டை நோட்டில் வரையச் சொன்னால் எல்லா நிகழ்வும் சம இடைவெளியில் வரும். 1741-க்கும் 1809-க்கும் இடையே இரண்டு விரல், 1954-க்கும் 1956-க்கும் இடையே இரண்டு விரல். இதற்குச் சணல் கயிறு நல்லது: 1 செ.மீ. ஓராண்டு. குளச்சல் போர் 1741-இலிருந்து இன்று வரை 3 மீட்டருக்குள் முடியும், வகுப்புச் சுவரில் கட்டலாம். அதில் 1795 தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போனது, 1809 ஆங்கிலேயருக்கு எதிரான வேலுத்தம்பி தளவாயின் குண்டறை அறிக்கை, 1859 தோள்சீலை (மேலாடை) உரிமை அறிவிப்பு, 1906 அணை, 1936 ஆலயப் பிரவேச அறிவிப்பு, 1956 இணைப்பு. பிள்ளையின் வயது 13 செ.மீ. துண்டாகத் தொங்கட்டும். பிறகு சிதறால் சமணச் சிற்பங்களுக்கு, 9-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டுமென்றால் கயிறு 11 மீட்டரைத் தாண்டும், வராந்தாவுக்கு வெளியே போகும். போகட்டும்.

சான்றை ஒத்துப்பார்க்கும் பயிற்சிக்குக் குளச்சல் போரே போதும். போரின் தேதி சில நூல்களில் 1741 ஜூலை 31, சிலவற்றில் ஆகஸ்ட் 10. எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்த நூல் எந்தத் தேதியைச் சொல்கிறது, அது யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. தோற்ற டச்சுப் படையிலிருந்து பிடிபட்டவர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பயிற்றுவித்து 1777-இல் இங்கேயே இறந்தார். கல்லறை எழுத்து எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது எட்டாம் வகுப்புக்குத் தாங்கும் கேள்வி.

இன்னொரு நல்ல சான்று வீட்டு அலமாரியில் கிடக்கிறது: 1956-க்கு முந்திய நில ஆவணங்கள். பல வீடுகளில் அவை மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரை 825. ஆலயப் பிரவேச அறிவிப்பு கொல்லம் 1112 துலாம் (ஐப்பசி) மாதம்; 824 கூட்டினால் 1936, தேதி நவம்பர் 12. 1859 ஜூலை அறிவிப்பு கொல்லம் 1034, இதற்கு 825. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் பல விடைகள் ஓராண்டு தவறும். அசல் ஆவணத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். சர்வே எண்ணும் பெயர்களும் மறைத்த நகல் போதும், சொத்துத் தகராறு உள்ள வீடுகள் உண்டு.

தோள்சீலைப் போராட்டமும் ஐயா வைகுண்டரும் வரும்போது வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். நம் முன்னோர், அவர்கள் முன்னோர் என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். யார் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவும் வேண்டாம். சட்டத்தையும் வரியையும் ஊழியத்தையும் பேசுங்கள்: உடையை அரசு ஏன் கட்டுப்படுத்தியது, மீறினால் என்ன ஆனது, அறிவிப்புகள் எப்படி மாறின. 1859 அறிவிப்புகூட முழு உரிமை தரவில்லை, உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையிலேயே அணியத் தடையை வைத்துக்கொண்டே மேலாடையை அனுமதித்தது. அதைச் சொல்லிவிட்டு, இதை வெற்றி என்று சொல்லலாமா என்று எழுதச் சொல்லுங்கள். அதே கவனம், தமிழ்நாட்டோடு இணையக் கேட்ட போராட்டத்தில் நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் பேசும்போதும் தேவை. விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது என்ன, மாநில மறுசீரமைப்புக்கான பசல் அலி ஆணையம் 1955-இல் எதை ஏற்றது, தேவிகுளம் பீர்மேட்டை ஏன் ஏற்கவில்லை என்று கோரிக்கையையும் தீர்ப்பையும் எதிரெதிரே வைத்தால் மொழிச் சண்டை எழாது.

கடற்கரைப் பள்ளி என்றால் 2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் வாய்மொழி வரலாறாக எடுக்க ஆசை வரும். வீட்டில் ஆளை இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். யார் இறந்தார்கள் என்ற கேள்வியை வினாப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, எச்சரிக்கை எப்படி வந்தது, வானொலி எத்தனை கடல்மைல் வரை கேட்கும், அதற்குப் பிறகு வள்ளத்தில் என்ன கருவி வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். கலந்துகொள்ள விருப்பமில்லாத பிள்ளைக்கு வேறு வேலை இருக்கட்டும்.

குடிமையியல் தூக்கம் வரக் காரணம், அதில் பிள்ளை தேடுவதற்கு ஒன்றும் வைக்காததுதான். மாதிரிப் பாராளுமன்றம் நடத்தாதீர்கள், குறைந்தது முதலில் நடத்தாதீர்கள். நான்கு பேர் தொலைக்காட்சியில் பார்த்ததைக் கத்துவார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். பள்ளியைச் சுற்றி அரை கிலோமீட்டரில் கண்ணில் படுகிற பத்துப் பொருளை எழுதி, பழுதானால் யாரிடம் போக வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் உள்ளாட்சி; கம்பத்தில் மின்சாரமே இல்லை என்றால் மின்வாரியம்; சானல் உடைந்தால் நீர்வளத் துறை; சானலில் குப்பை கொட்டினால்? இங்கே இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும், அதுதான் பாடம். சாலைக்கு மைல்கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்: தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மார்த்தாண்டம் வழியாக வரும் 66-உம் சிறீநகரிலிருந்து வரும் 44-உம் கன்னியாகுமரியில் முடிகின்றன.

முதலில் நீங்கள் சரிபார்க்க வேண்டியது: உங்கள் பள்ளி ஊராட்சியிலா, பேரூராட்சியிலா, நகராட்சியிலா? குமரியில் பேரூராட்சிகள் மிக அதிகம். பாடநூலின் கிராம சபை ஊராட்சிக்கு மட்டும் உரியது. பேரூராட்சிப் பிள்ளையிடம் உங்கள் ஊர் கிராம சபைக்குப் போய் வா என்றால் அது தேடி அலையும். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-இல் வந்தன. ஊராட்சி என்றால் கிராம சபை கூடுவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள். நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் ஆகும், மாவட்டம் பிறந்த நாளும் ஆகும், அந்த வாரத்தை விட்டுவிடாதீர்கள். பெற்றோரோடு போகிற பிள்ளை குறித்து வரவேண்டியது மூன்றே: எத்தனை பேர் பேசினார்கள், அதில் பெண்கள் எத்தனை, எந்தத் தீர்மானம் எழுதப்பட்டது. பள்ளிக்குள்ளேயே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள் இருக்க வேண்டும். பலகையில் எழுதிப்போட்ட பெயர்களை எண்ணிச் சரிபார்க்கலாம்.

கூட்டாட்சி என்ற சொல்லுக்கு இரண்டு உள்ளூர் உதாரணம் போதும். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீர் 2004-இல் நின்றது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் வழக்கு என்றால் நேராக ஏன் உச்ச நீதிமன்றம் என்று கேட்டால் அரசமைப்பின் 131-ஆம் உறுப்பு வரும்.

இதெல்லாம் முடிந்தபின் நாடகம் நடத்தலாம். பொருள்: அணையில் தண்ணீர் குறைவு, சானலை எப்போது திறப்பது, யாருக்கு முதலில். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி கடைசி வரை தண்ணீர் விடுவார்கள். தலைமடை விவசாயி, கடைமடை விவசாயி, பொறியாளர், நகரத்துக்குக் குடிநீர் கேட்பவர், மாவட்ட ஆட்சியர் என ஐந்து குழு. ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கத் தகவல் சீட்டு: இன்றைய அணை மட்டம், கடந்த பத்து நாள் மழை, பயிர் எந்த நிலையில். சீட்டில் இல்லாத எண்ணைப் பேசக்கூடாது என்ற ஒரே விதி. அந்த மழை எண்களைப் பிள்ளைகளே அளந்திருப்பார்கள்.

போர்ஷன் கவலைக்கு: இவை தனிப் பாடவேளை கேட்பவை அல்ல. சானல் தொடர் மொத்தம் எட்டுப் பிரியட்டுக்கு மேல் ஆகக் கூடாது. புவியியலில் மூன்று, வரலாற்றில் மூன்று, குடிமையியலில் இரண்டு, அந்தந்தப் பாடம் வரும் மாதத்திலேயே. வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில் செயல்பாட்டுப் பகுதிக்கு வளாக வரைபடத்தையும் மழைப் பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் வாங்கி ஒட்டும் சார்ட்டுக்கு விடைகொடுக்கலாம். வரைபடத்தை அழகுக்காக மதிப்பிடாதீர்கள். அளவை உண்டா, வடக்கு உண்டா, குறியீட்டு விளக்கம் உண்டா, ஏதாவது ஒரு தூரத்தை நீங்கள் டேப் வைத்துப் பார்த்தால் ஒத்து வருகிறதா, இந்த நான்கே.

வெளியே கூட்டிப்போவது என்றால் பேச்சிப்பாறை, மாத்தூர், பத்மநாபபுரம், உதயகிரி நான்கையும் ஒரே நாளில் முடிக்கலாம். திங்கட்கிழமை வேண்டாம், அரண்மனை மூடியிருக்கும். மாத்தூரில் நடைபாதை ஒடுக்கம். ஒற்றை வரிசையாக, முன்னும் பின்னும் ஆசிரியர் வைத்து, கைப்பிடிச் சுவரில் சாய விடாமல் கடக்க வேண்டும், தொட்டி ஓரத்தில் நிற்கவைத்து எழுதச் சொல்லக் கூடாது. கையில் கொடுக்கும் தாளில் ஆறு கேள்விக்கு மேல் இருந்தால் பிள்ளை பாலத்தைப் பார்க்காமல் தாளையே பார்க்கும். ஆறில் ஒன்றாவது பார்த்து எண்ண வேண்டியதாக இருக்கட்டும், தூண்கள் எத்தனை என்பதுபோல; விடை வகுப்பில் முப்பது விதமாக வரும், மறுநாள் பிரியட்டை அதிலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.